மூன்று டிஸ்க், ஒரு கேம், ஒரு சின்ன ஃபைல்

வணக்கம் மக்களே. பல டிஸ்க் உள்ள பழைய கேமை எமுலேட்டரில், அதாவது பழைய கேம் மெஷின் மாதிரியே கணினியில் நடிக்கும் மென்பொருளில், ஒரே கேமாக அடுக்குவது எப்படி என்று காட்டப் போகிறேன். இந்த வீடியோவை எடுக்கக் காரணமே ஒரு சேவ் ஃபைல்தான். ஃபைனல் ஃபேண்டஸி 7 ஆடிக்கொண்டிருந்தேன், 1997இல் வந்த பிளேஸ்டேஷன் கேம், மொத்தம் மூன்று டிஸ்க். முதல் டிஸ்க் எந்த இடத்தில் முடியும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும், ஏரிஸ் என்ற கதாபாத்திரத்தை இழக்கிற இடம். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் மனசு பாரமாகிச் சும்மா உட்கார்ந்திருந்தேன், சேவ் செய்தேன், எமுலேட்டரை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் டிஸ்க் 2 என்று பெயர் போட்டிருந்த ஃபைலை நேராகத் திறந்து கன்டினியூ அழுத்தினால், ஆடியதைச் சேமித்து வைக்கும் மெமரி கார்டு காலி. அதில் இருக்கிற 15 பிளாக்கும், அதாவது சேமிக்கும் இடம் பதினைந்தும் காலி. ஒரு மாதமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஆடியதெல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

போகவில்லை, அங்கேயேதான் இருந்தது. எப்படி மீட்டேன் என்று பின்னால் காட்டுகிறேன். முதலில் ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

உண்மையான பிளேஸ்டேஷனில் மெமரி கார்டு முன்பக்க ஸ்லாட்டில் செருகியபடியே இருக்கும். நாம் மூடியைத் திறந்து டிஸ்க்கை மட்டும் மாற்றுவோம், கார்டை யாரும் தொடுவதில்லை. எமுலேட்டரில் அப்படி இல்லை. நான் பயன்படுத்துவது ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர், அதற்குள் பிளேஸ்டேஷனாக நடிக்கும் பகுதி பீட்டில் பிஎஸ்எக்ஸ் கோர். அதன் வழக்கமான அமைப்பில், நீங்கள் எந்த ஃபைலைத் திறக்கிறீர்களோ அந்த ஃபைலின் பெயரிலேயே ஒரு மெமரி கார்டை உருவாக்கிக்கொள்ளும். டிஸ்க் 1ஐத் திறந்தால் டிஸ்க் 1 பெயரில் ஒரு கார்டு, டிஸ்க் 2ஐத் திறந்தால் அதன் பெயரில் புத்தம் புதிதாக இன்னொரு கார்டு. டிஸ்க்குகளின் சீரியல் எண்ணும் வேறு வேறுதான். ஃபைனல் ஃபேண்டஸி 7இன் அமெரிக்கப் பதிப்பில் எஸ்சியூஎஸ் 94163, 94164, 94165 என்று மூன்று எண். ஆடுகிற நமக்கு அது ஒரே கதை, எமுலேட்டருக்கு மூன்று தனித்தனி கேம். இது எல்லாம் ஒன்றுதான் என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்வதற்குத்தான் எம்3யூ ஃபைல். பாட்டு கேட்கிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது, வின்ஆம்ப் காலத்துப் பிளேலிஸ்ட். அதே ஃபைல்தான், பாட்டுகளின் பெயர் இருக்கும் இடத்தில் டிஸ்க்குகளின் பெயர் இருக்கும், அவ்வளவுதான். திரையில் பாருங்கள், நோட்பேடைத் திறக்கிறேன். முதல் வரியில் முதல் டிஸ்க்கின் ஃபைல் பெயர், இரண்டாவது வரியில் இரண்டாவது, மூன்றாவது வரியில் மூன்றாவது. மேற்கோள் குறி வேண்டாம், வரி எண் வேண்டாம். கையால் தட்டச்சு செய்யாதீர்கள், ஃபைலைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தி, பெயரைக் காப்பி செய்து ஒட்டி, கடைசியில் எக்ஸ்டென்ஷனையும் சேர்த்துவிடுங்கள். நடுவில் ஒரு இடைவெளி கூடினாலும் அடைப்புக்குறி ஒன்று குறைந்தாலும் ஃபைல் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும். விண்டோஸில் சிறிய எழுத்து பெரிய எழுத்து வித்தியாசம் தெரியாது, ஆனால் கையில் வைத்து ஆடும் சின்னக் கருவிகள் பல லினக்ஸில் ஓடுபவை, அங்கே அந்த வித்தியாசமும் கணக்கில் வரும். கணினியில் நன்றாக ஓடியது, கருவியில் போட்டால் ஓடவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

இப்போது சேவ் செய்கிறேன். இங்கே பலரும் மாட்டிக்கொள்கிற ஒரு இடம் இருக்கிறது. நோட்பேட் கடைசியில் சத்தமில்லாமல் டிஎக்ஸ்டி சேர்த்துவிடும், விண்டோஸ் அதை மறைத்தும் வைக்கும், பார்ப்பதற்கு எம்3யூ மாதிரியே இருக்கும், எமுலேட்டருக்கு மட்டும் தெரியாது. அதனால் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று இருப்பதை டிக் செய்துவிட்டு அப்புறம் பாருங்கள். ஆம், பாருங்கள், எனக்கும் சேர்த்துவிட்டது. அழித்துவிடுகிறேன். இனி டிஸ்க் ஃபைலை நேராகத் திறக்கக் கூடாது, எப்போதும் இந்த எம்3யூவைத்தான் திறக்க வேண்டும். அப்போது கார்டும் எம்3யூவின் பெயரிலேயே உருவாகும், மூன்று டிஸ்க்குக்கும் ஒரே கார்டு.

சரி, என் சேவ் ஃபைலை எப்படி மீட்டேன்? ரெட்ரோஆர்ச்சின் சேவ்ஸ் ஃபோல்டருக்குள் டிஸ்க் 1 பெயரில் ஒரு எஸ்ஆர்எம் ஃபைல் இருந்தது. 128 கேபி, அந்தக் காலத்து மெமரி கார்டின் முழு அளவே அவ்வளவுதான். அதை வேறு இடத்தில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, எம்3யூவின் பெயரையே அதற்கும் வைத்தேன். திறந்தேன், கன்டினியூ அழுத்தினேன், என் ஆட்கள் மூன்று பேரும் அதே லெவலில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நிமிடம் வந்த சந்தோஷத்தில்தான் இந்த வீடியோ எடுக்க வேண்டும் என்றே தோன்றியது.

டிஸ்க் மாற்றும் முறையையும் காட்டிவிடுகிறேன். கேம் அடுத்த டிஸ்க்கைக் கேட்கும்போது எஃப்1 அழுத்தி, குவிக் மெனுவில் டிஸ்க் கன்ட்ரோலுக்குப் போங்கள். முதலில் எஜெக்ட், அப்புறம் டிஸ்க் எண்ணை மாற்றுங்கள், கடைசியில் இன்செர்ட். இந்த வரிசை முக்கியம். நிஜ மெஷினில் மூடி திறந்ததா மூடியதா என்று பார்க்க ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, மூடி ஒருமுறை திறந்து மூடுவதற்காகவே கேம் காத்திருக்கும். எஜெக்ட் செய்வது மூடியைத் திறப்பதற்குச் சமம், இன்செர்ட் செய்வது மூடுவதற்குச் சமம். இதற்கெல்லாம் ஹாட்கீ, அதாவது மெனுவுக்குப் போகாமலே அழுத்தும் குறுக்குவழி பட்டன், வைத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு டிஸ்க் உள்ள ஆர்பிஜிக்கு, அதாவது ஃபைனல் ஃபேண்டஸி மாதிரி நீளமான கதை கேமுக்கு, அது அவசியமில்லை, ஒரு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். ஆனால் ரிவன் மாதிரி ஐந்து டிஸ்க் கேம் என்றால் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகும்போதே டிஸ்க் கேட்கும், அப்படிப்பட்டவற்றுக்குக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, டிஸ்க் மாற்றும் இடத்தில், எமுலேட்டர் அந்த நொடியை அப்படியே பதிந்து வைக்கும் சேவ் ஸ்டேட்டை மட்டும் நம்பாதீர்கள், கேமுக்குள்ளேயே மெமரி கார்டில் சேவ் செய்துவிட்டு மாற்றுங்கள்.

டக்ஸ்டேஷன் என்ற இன்னொரு பிளேஸ்டேஷன் எமுலேட்டரைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். அதுவும் எம்3யூ படிக்கும், மெமரி கார்டு செட்டிங்கில் பல டிஸ்க் கேமுக்கு ஒரே கார்டு போதும் என்று ஒரு டிக்கும் இருக்கிறது. நின்டெண்டோவின் கேம்கியூபுக்கு டால்ஃபின் எமுலேட்டர் என்றால் அதுவும் எம்3யூ படிக்கும், டிஸ்க்கைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு, ரெசிடென்ட் ஈவில் 4 மாதிரி இரண்டு டிஸ்க் கேமுக்கு அது நிம்மதி.

இனி ஃபோல்டர். என் ஃபைல்கள் ஒரு காலத்தில் பின் (bin), க்யூ (cue) என்று ஜோடி ஜோடியாக இருந்தன. டிஸ்க்கில் உள்ளதெல்லாம் பின் ஃபைலில் இருக்கும், க்யூ என்பது சின்ன டெக்ஸ்ட் ஃபைல், அதற்குள் பின் ஃபைலின் பெயர் எழுதியிருக்கும், நீங்கள் பின்னின் பெயரை மாற்றினால் க்யூ குருடாகிவிடும். அதனால் நான் எல்லாவற்றையும் சிஎச்டி என்ற சுருக்கப்பட்ட ஃபைல் வகைக்கு மாற்றிவிட்டேன். மேம் எமுலேட்டருடன் சிஎச்டிமேன் என்று ஒரு கருவி வரும், அதில் க்ரியேட்சிடி என்ற கட்டளை கொடுத்து க்யூவைக் காட்டினால் போதும், ஒரு டிஸ்க்குக்கு ஒரே ஃபைல், தரம் துளியும் குறையாது, அளவும் குறையும். எவ்வளவு குறையும் என்பது கேமைப் பொறுத்தது. வீடியோக் காட்சிகள் ஏற்கனவே சுருக்கப்பட்டவை என்பதால் அவை பெரிதாகச் சுருங்காது, இந்த மாதிரி கேம்களுக்குப் பல டிஸ்க் தேவைப்பட்டதற்கே முக்கியக் காரணம் அந்த வீடியோக்கள்தான். என் டிஸ்க்குகளிலிருந்து நானே எடுத்தவை இவை. ஒன்றிரண்டு ஏற்கனவே கீறல் விழுந்து படிக்க மறுக்கின்றன, உங்கள் அலமாரியிலும் பழைய டிஸ்க் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஐரோப்பியப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபைனல் ஃபேண்டஸி 8, 9 இரண்டின் ஐரோப்பிய டிஸ்க்குகளிலும் காப்பி எடுப்பதைத் தடுக்கும் லிப்கிரிப்ட் என்ற பூட்டு இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அந்தப் பூட்டின் தகவல் உள்ள ஒரு எஸ்பிஐ ஃபைல் வேண்டும், அதன் பெயர் அந்த டிஸ்க் ஃபைலின் பெயரோடு பொருந்த வேண்டும். எம்3யூவின் பெயரோடு இல்லை, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டிஸ்க் ஃபைல்களை எல்லாம் தனி சப்ஃபோல்டரில் போட்டுவிட்டு, எம்3யூவை மட்டும் வெளியே வையுங்கள். அப்போது எம்3யூவின் ஒவ்வொரு வரியிலும் ஃபோல்டர் பெயர், ஒரு சாய்கோடு, அப்புறம் ஃபைல் பெயர் என்று வரும். கேம்களைப் பட்டியலாகக் காட்டும் இஎஸ்-டிஇ என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் இன்னும் அழகான வழி ஒன்று இருக்கிறது: ஃபோல்டருக்கே எம்3யூ என்று முடிகிற பெயர் வைத்து, அதே பெயரில் உள்ளே எம்3யூ ஃபைலையும் டிஸ்க்குகளையும் வைத்தால், பட்டியலில் அந்த ஃபோல்டரே ஒரு கேமாகத் தெரியும். முன்பெல்லாம் என் பட்டியலில் லெஜண்ட் ஆஃப் டிராகூன் நான்கு முறை வரும், இப்போது ஒரே ஒரு முறை, ஒரே ஒரு படத்தோடு. பார்க்கவே மனசு நிறைகிறது.

ஆனால் எல்லாக் கேமையும் ஒரே மாதிரி அடுக்க முடியாது. ரெசிடென்ட் ஈவில் 2, 1998இல் வந்தது, இரண்டு டிஸ்க்: ஒன்று நாயகன் லியோனுக்கு, ஒன்று நாயகி கிளேருக்கு. இதில் நடுவில் டிஸ்க் மாற்றுவதே கிடையாது. லியோன் கதையை முடித்து, அந்த சேவ் ஃபைலைக் கிளேர் டிஸ்க்கில் திறந்தால்தான் அவளுடைய பி கதை, அதாவது இரண்டாம் பாதி, தொடங்கும். ஆயுத அறையில் லியோன் மெஷின்கன்னை எடுக்காமல் விட்டு வந்தால் பின்னால் வரும் கிளேருக்கு அது கிடைக்கும். அவன் எடுத்தானா விட்டானா என்ற தகவல் சேவ் ஃபைலில்தான் இருக்கிறது, கார்டு இரண்டாகப் பிரிந்தால் கதையே பிரிந்துவிடும். அதனால் இதற்கும் எம்3யூ போடுங்கள், டிஸ்க் எண்ணை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். இதே கேமை 1999இல் நின்டெண்டோ 64க்கு 64 எம்பி கார்ட்ரிட்ஜில் வீடியோவோடு சேர்த்து அடக்கினார்கள், அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது.

மெட்டல் கியர் சாலிட் நேர்மாறு. அதில் சைக்கோ மான்டிஸ் என்ற வில்லன் உங்கள் மெமரி கார்டைப் படித்து, நீங்கள் ஆடிய, கொனாமி நிறுவனத்தின் மற்ற கேம்களின் பெயரைச் சொல்வான். கேமுக்கு ஒரு கார்டு என்று சுத்தமாகப் பிரித்து வைத்தால் அவன் படிக்க ஒன்றுமே இருக்காது. அதனால் இந்தக் கேமுக்கு மட்டும் கார்டைப் பொதுவாக வைத்து, அதில் காசில்வேனியா என்ற கொனாமி கேமின் சேவ் ஒன்றையும் போட்டு வைத்திருக்கிறேன். அட்டையின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். மெரில் என்ற பெண் கதாபாத்திரத்தின் ரேடியோ எண் சிடி அட்டையின் பின்னால் இருக்கிறது என்று கேமே சொல்லும், 140.15, அதை நாமே புரட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான்.

இப்போது ஃபைனல் ஃபேண்டஸி 9க்கு எம்3யூ போட்டு முடித்தாயிற்று. ஆடத் தொடங்கும் முன்பே சரிபார்க்கிறேன்: திறக்கிறேன், டிஸ்க் கன்ட்ரோல், எண்ணை வலதுபக்கம் தள்ளுகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் இருக்கிறது. மறுபடி ஒன்றுக்கே கொண்டுவந்து வைக்கிறேன். சேவ்ஸ் ஃபோல்டரிலும் ஒரே ஒரு கார்டு, எம்3யூவின் பெயரில். சரி மக்களே, நான் இனி ஆடப் போகிறேன்.