பேக்கரி அண்ணன் பேச்சைக் கேட்டு வழி தவறின ரவுட்டர்!

வணக்கமுங்க! இந்த வீடியோ உங்க போனுக்கு வந்து சேர்ந்திருக்குல்ல? இதைத் தூக்கிட்டு வந்த ஒவ்வொரு ரவுட்டரும் யோசிச்சது ஒண்ணே ஒண்ணுதான்: "அடுத்து யார்கிட்ட தள்ளிவிடறது?" அந்த "அடுத்து யாரு"ங்கறதைச் சொல்றதுதான் ரவுட்டிங் புரோட்டோகால். ரவுட்டர்னா நாலு ரோட்டு முக்குல நிக்கற ஆளுன்னு வெச்சுக்குங்க, போதும்.

நம்மூர்ல நாலு ரோட்டு முக்குன்னா ஒரு பேக்கரி இருக்கும். வழி கேக்கோணும்னா அங்கதான் வண்டியை ஓரங்கட்டுவோம். 1988-ல ஆவணமா வந்த ரிப் (RIP)ங்கற ரவுட்டிங் புரோட்டோகால் வேலை செய்யறதும் இதே பேக்கரி முறைலதான்.

[திரையில்: அன்னூர் – புளியம்பட்டி – சத்தி]

கோவைல இருந்து சத்தி ரோட்ல போறீங்க. அன்னூர், அப்பறம் புளியம்பட்டி, அப்பறம் சத்தி, அதாவது சத்தியமங்கலம். புளியம்பட்டி பேக்கரி அண்ணன் சொல்றாரு: "சத்தியா? இங்கிருந்து ஒரு ஹாப்புங்க." ஹாப்னா ஒரு ரவுட்டர்ல இருந்து அடுத்ததுக்கு ஒரு தாவல். புளியம்பட்டிக்காரர் சொன்னதைக் கேட்டு அன்னூர் பேக்கரி அண்ணன், "அப்ப எனக்கு ரெண்டு"ங்கறாரு. 30 செகண்டுக்கு ஒருக்கா ரெண்டு பேரும் போன் போட்டு இதே பேச்சு. யார் கையிலயும் மேப் கிடையாது, எல்லாம் கேள்விப்பட்டதுதான்.

இப்ப மழைல புளியம்பட்டிக்கு அக்கட்டால ரோடு அத்துட்டுப் போயிருச்சு. அண்ணன் முழிச்சுட்டு நிக்கறப்ப அன்னூர்ல இருந்து போன்: "சத்திக்கு என்கிட்ட வழி இருக்குங்க, ரெண்டே ஹாப்!" அந்த வழியே தன் கடை வாசலைத் தாண்டித்தான் போகுதுன்னு இவருக்குத் தெரியாது. "அட, அப்ப எனக்கு மூணு." அன்னூர்க்காரர், "அப்ப எனக்கு நாலு." இவரு அஞ்சு. அவரு ஆறு. நடுவுல மாட்டின வண்டி, அன்னூருக்கும் புளியம்பட்டிக்கும் போய்ட்டு வந்துட்டே இருக்கு, டீசல் தீர்ற வரைக்கும்! சிரிக்காதீங்க, நெட்ல துண்டு துண்டாப் போற டேட்டாவான பாக்கெட்டுக்கும் டீசல் உண்டு. டிடிஎல்னு பேரு. ஒவ்வொரு ரவுட்டரும் அதுல ஒண்ணு குறைக்கும், ஜீரோ ஆச்சுன்னா பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுரும்.

இந்த ஏலம் எங்க முடியும்? 16-ல. ரிப்ல 16-ன்னா "போக முடியாது"ன்னு அர்த்தம். நல்ல சேதி வெசையா வந்துரும், கெட்ட சேதி இப்படி எண்ணி எண்ணித்தான் வருது. இதுக்கு மருந்து ஸ்ப்ளிட் ஹொரைசன்: யார்கிட்ட வழி கேட்டியோ, அவர்கிட்டயே அதைத் திருப்பிச் சொல்லாதே. கொல்லன் தெருவுல ஊசி விக்காதேன்னு நம்ம ஆளுக சொன்னதுதானுங்க! ஆனா மூணு பேக்கரி வட்டமா இருந்தா இந்த மருந்தும் பத்தாது.

ரிப்புக்கு இன்னொரு கோளாறு. ஹாப்பை மட்டும்தான் எண்ணும். பைபாஸ்ல மூணு ஹாப், இட்டேரிங்கற குறுகலான மண் பாதைல ரெண்டு ஹாப்னா, கண்ணை மூடிட்டு லாரியை இட்டேரிக்குள்ள விட்டுரும்.

ஓஎஸ்பிஎஃப் (OSPF)னு இன்னொரு ரவுட்டிங் புரோட்டோகால் இருக்கு, அது அப்படியில்லை. "என் பக்கத்துல யாரு, அங்க போக எவ்வளவு காஸ்ட்"னு ஒவ்வொரு ரவுட்டரும் எல்லாருக்கும் சொல்லிரும். எல்லார் கையிலயும் ஒரே மேப். அதுல குறைஞ்ச வழியைக் கண்டுபிடிக்கற கணக்கு டைக்ஸ்ட்ராங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானியோடது. 1956-ல ஆம்ஸ்டர்டாம்ல ஒரு கடைல காபி குடிச்சுட்டு, பேப்பர் பென்சில் இல்லாம, 20 நிமிஷத்துல போட்டாராம். நம்ம பேக்கரில 20 நிமிஷம் உக்காந்தா பப்ஸ்தான் தீரும்!

ஒரு எச்சரிக்கை. பல ரவுட்டர்கள்ல ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் கணக்கு 100 எம்பிபிஎஸ் லைன் வேகத்தை வெச்சுத்தான் ஆரம்பிக்கும். 10 எம்பிபிஎஸ் லைனுக்கு காஸ்ட் 10, 100-க்கு 1, ஒரு ஜிபிபிஎஸ்ஸுக்கும், அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கும், அதே 1! அந்த ஆரம்பக் கணக்கை நாமளா மாத்தோணும். மாத்தாம லேப்ல அரை நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டவன் சொல்றேன்.

நெட் கம்பெனிக்குக் கம்பெனி நடுவுல வழி சொல்றது பிஜிபி (BGP)ங்கற புரோட்டோகால். அங்க தூரத்தைவிட, யாருக்கும் யாருக்கும் ஒப்பந்தம்ங்கறதுதான் முதல்ல. 2008 பிப்ரவரி 24 அன்னிக்கு பாகிஸ்தான் டெலிகாம், உள்நாட்டுல யூடியூபைத் தடுக்கப் போட்ட வழி வெளியே கசிஞ்சு, உலகத்துல பல எடத்துல ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் யூடியூப் வரலை. அது தனி வீடியோவுக்கான கதை, வேணும்னா கேளுங்க.

இப்ப ஒரு சோலி. விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ட்ரேசர்ட் (tracert) போட்டு, ஏதாவது ஒரு சைட் பேரைக் கொடுங்க. அது வேணும்னே ஒரு சொட்டு டீசலோட ஒரு வண்டி, ரெண்டு சொட்டோட இன்னொண்ணுன்னு அனுப்பும். எங்கெங்க நிக்குதோ, அந்தந்த ரவுட்டர் பேரு வரும். நட்சத்திரம் வந்தா பயந்துக்காதீங்க, அந்த அண்ணன் பதில் சொல்ல மாட்டேங்கறாரு, அவ்வளவுதான். உங்க வீட்டுல இருந்து எத்தனை ஹாப்புன்னு ஊர் பேரோட கமென்ட்ல போடுங்க. எனக்கு 11.