திருத்திய செல்லைத் திரும்பப் பார்க்க முடியுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மரபணுத் திருத்தக் கருவியான கிரிஸ்பர், டி.என்.ஏ.வை எப்படி வெட்டுகிறது என்று படம் போட்டு விளக்குவார்கள். வெட்டு விழுந்த பிறகு அந்தச் செல்லில் என்ன ஆயிற்று என்று யார், எங்கே பார்க்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. மரபணுத் திருத்தம் சரியா தவறா என்ற வழக்கு எனக்குத் தெரிந்தவரை அங்கேதான் தீர்கிறது.

அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்வோம். ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு வளைந்து நுண்குழாய்களை அடைக்கும் நோய் இது. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த 'காஸ்ஜெவி' என்ற கிரிஸ்பர் சிகிச்சை அந்த எழுத்தைத் தொடுவதேயில்லை. தாய் வயிற்றில் இருக்கும்போது நமக்கெல்லாம் வேறொரு ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்தபின் அதை அடக்கிவைக்கும் மரபணுவின் பெயர் பிசிஎல்11ஏ. சிவப்பணுவாகும் செல்களில் அதை முடுக்கும் பகுதியை வெட்டிவிட்டால் பழைய ஹீமோகுளோபின் மீண்டும் உருவாகிறது.

முதல் வேலை, எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களை ரத்தத்துக்கு வரவைப்பது. அதற்கு வழக்கமாகப் போடும், வெள்ளணுக்களைப் பெருக்கும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசியை இந்த நோயாளிக்குப் போடக் கூடாது. வெள்ளணுக்கள் ஏறி, அடைப்பு உயிரையே பறித்துவிடலாம். எனவே பிளெரிக்ஸாஃபார் என்ற வேறொரு மருந்தை மட்டுமே தருகிறார்கள். ஒரே முறையில் போதிய செல்கள் சேராமல் பலர் இரண்டு மூன்று சுற்று வர நேரிடுகிறது. எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 30 லட்சம் திருத்திய செல்கள் தேவை. கிலோவுக்கு 20 லட்சம் வீதம் திருத்தாத செல்களையும் தனியே உறையவைப்பார்கள். புதியவை மஜ்ஜையில் பிடிக்காமல் போனால் நோயாளியைக் காப்பாற்ற அவைதான் இருக்கும்.

எடுத்த செல்களுக்கு மின்துடிப்பு கொடுத்தால் சவ்வில் கணநேரம் துளை திறக்கும். அதன் வழியே டி.என்.ஏ.வை வெட்டும் காஸ்9 புரதமும், வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வும் உள்ளே போகும். எத்தனை சதவீதத்தில் வெட்டு விழுந்தது, எத்தனை உயிரோடு இருக்கின்றன, கிருமி கலந்ததா என்று பார்ப்பது அதற்கடுத்து. தேறாத தொகுதி நோயாளியிடம் போகாது. தேறியபின் புசல்ஃபான் மருந்தை 4 நாள் ஏற்றி, பழைய மஜ்ஜையை அழித்து, புதிய செல்களைச் செலுத்துகிறார்கள். நோயாளியை அதிகம் வாட்டுவது இந்தப் புசல்ஃபான்தான்: வாய்ப்புண், தொற்று, பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் அபாயம். கருமுட்டையை அல்லது விந்தணுவை முன்னதாகச் சேமிப்பது பற்றி மருத்துவர் பேசியே ஆக வேண்டும்.

விலங்குகளுக்கு வருவோம். கொம்பு முளைக்காதபடி திருத்திய காளைகள் 2015இல் பிறந்தன. கன்றின் கொம்புக் குருத்தைச் சுட்டுத் தீய்க்கும் கொடுமை ஒழிய வேண்டும் என்பது நல்ல நோக்கம். புதிய வரிசையைச் சுமக்க பிளாஸ்மிட் என்ற பாக்டீரிய டி.என்.ஏ. வளையத்தைப் பயன்படுத்தினார்கள். 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாக அறிவியலாளர்கள் ஒரு காளையின் மரபுத்தொகுதியை மறுபடி அலசியபோது, அந்த வளையமே, நுண்ணுயிர்க்கொல்லியை எதிர்க்கும் மரபணுக்களோடு உள்ளே ஒட்டியிருந்தது. அதன் கன்றுகள் சிலவற்றுக்கும் இறங்கியிருந்தது. முதலில் சோதித்தவர்கள் வேறிடங்களில் வெட்டு விழுந்ததா என்று தேடினார்களே தவிர, பிளாஸ்மிட்டைத் தேடவில்லை. 1980களில் வளர்ச்சி ஹார்மோன் மரபணு புகுத்திய பன்றிகள் கொழுப்புக் குறைந்து வளர்ந்தன. மூட்டு அழற்சியும் வயிற்றுப் புண்ணும் அவற்றை வதைத்தன. வாயில்லா உயிர் பட்ட அந்த வேதனையையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

2022 ஜனவரியில் 10 மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் இதயத்தை அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒருவருக்குப் பொருத்தினார்கள். உடலின் உடனடி நிராகரிப்பு நிகழவில்லை. அவர் வாழ்ந்தது 2 மாதம். இதயத்தோடு பன்றி சைட்டோமெகலோ வைரஸும் வந்திருந்தது பின்னர் தெரிந்தது. பன்றியின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் அது அகப்படவில்லை.

மனிதக் கருவில், திருத்தியதைச் சோதித்துப் பார்க்கும் இந்தச் சிக்கல் முற்றிவிடுகிறது. கருவுற்ற முட்டை பிளவுபடத் தொடங்கியபின்னும் காஸ்9 வெட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது ஒரே கருவில் ஒரு செல்லில் ஒரு மாற்றமும் பக்கத்துச் செல்லில் வேறொன்றும் இருக்கும். சில செல்களைக் கிள்ளிச் சோதிக்கலாம். சோதனையில் அவை அழிந்துபோகும், குழந்தையாக வளர்வது மற்றவை. சீன அறிவியலாளர் ஹே ஜியான்குய் திருத்திய கருக்களிலிருந்து இரட்டைக் குழந்தைகள் பிறந்த செய்தி 2018இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு 3 ஆண்டு சிறை. எச்.ஐ.வி. நுழையும் வாசலான சிசிஆர்5 மரபணுவை முடக்குவது அவர் திட்டம். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்தாலும், விந்தணுவைக் கழுவிக் கருத்தரிக்க வைத்துத் தொற்றைத் தவிர்க்கும் முறை அன்றே நடைமுறையில் இருந்தது.

ரத்தச் செல் திருத்தத்துக்கு ஒப்புக் கையெழுத்திடும் நோயாளியை 15 ஆண்டுகள் கண்காணிக்க ஏற்பாடு உண்டு. அவரது திருத்தம் அவர் உடலோடு நின்றுவிடும். கருவில் செய்த திருத்தத்துக்கு அந்தக் குழந்தையை, அதன் பிள்ளைகளை, பேரப்பிள்ளைகளைப் பின்தொடர வேண்டியிருக்கும். கையெழுத்துக் கேட்க அவர்களில் ஒருவரும் அன்று பிறந்திருக்கவில்லை.

நன்றி, வணக்கம்.