முன்பக்கமா, பின்பக்கமா?

(மயிலாப்பூரில் மூத்த குடிமக்கள் கூட்டம் ஒன்றில் எலும்பு மருத்துவர் ஒருவர் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். இடுப்பு வலிக்காரர்களுக்கு மாடியில் கூட்டம் போட்ட புண்ணியவான் யார் என்று அப்புறம் விசாரித்துக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்காக என்னிடம் வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள்: "டாக்டர், நீங்க முன்பக்கம் திறப்பீங்களா, பின்பக்கமா?" யூடியூப் உபயம். தப்பில்லை. முன்பக்கம் போனால், தசைகளுக்கு நடுவே உள்ள சந்தில் நுழைந்துவிடலாம். முதல் சில வாரங்கள் நடை சற்று சுலபம். ஆனால் அங்கே ஓடும் நரம்பு இழுபட்டுத் தொடையின் வெளிப்புறம் மரத்துப்போகலாம். பக்கவாட்டில் போனால், நடக்கும்போது இடுப்பைத் தாங்குகிற தசையில் கை வைக்க வேண்டும். அது சரியாகக் கூடாவிட்டால் விந்தி நடப்பார்கள். பின்பக்க வழிக்குத்தான் கெட்ட பெயர், மூட்டு கழன்றுவிடும் என்று. பிரித்த தசைகளையும் மூட்டு உறையையும் திரும்ப எலும்போடு சேர்த்துத் தைக்க ஆரம்பித்த பிறகு அந்தப் பெயர் பெருமளவு தேய்ந்துவிட்டது.

தொடையெலும்பின் தலைக்குப் பதிலாக வைக்கிற உருண்டையும் பெரிதாகிவிட்டது. 1960களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி பொருத்திய உருண்டை சுமார் 22 மில்லிமீட்டர். இன்று 32, 36 என்று வைக்கிறோம். உருண்டை பெரிதானால், இடுப்பெலும்பில் பதித்த கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே வர அது ஏற வேண்டிய தூரமும் கூடும்.

சரி, இவ்வளவும் செய்தும் கழன்ற ஒரு கதை சொல்கிறேன். நான் செய்த அறுவைதான். ஓய்வுபெற்ற டீச்சர். ஏழாவது வாரம், "காலில் தெம்பு வந்துவிட்டது" என்று அரிவாள்மணையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கியிருக்கிறார். கீழே விழுந்த ஒன்றை எடுக்கக் குனிந்தார், 'டக்'கென்று சத்தம். ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

எக்ஸ்ரேயில் கிண்ணம் அழகாக இருந்தது. கிண்ணத்தை எந்தக் கோணத்தில் வைப்பது என்று 1978இல் லூவினெக் என்ற மருத்துவரின் குழு வகுத்த கணக்கு ஒன்று உண்டு: சாய்வு 40 டிகிரி, வாய் முன்பக்கம் திரும்பியிருப்பது 15 டிகிரி, இரண்டிலும் பத்து முன்னே பின்னே இருக்கலாம். அந்தக் கட்டத்துக்குள்தான் இருந்தது. பிறகு ஏன்?

இப்போது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பெலும்பில் கை வையுங்கள். அப்படியே முதுகைத் தளர்த்திச் சாயுங்கள். எலும்பு பின்னால் உருளுகிறதா? நின்றவர் உட்காரும்போதும் இதேதான் நடக்கிறது. அப்போது கிண்ணத்தின் வாய் இன்னும் முன்பக்கமாகத் திறந்து, மடங்கி வரும் தொடைக்கு இடம் விடுகிறது. டீச்சருக்குக் கீழ்முதுகில் பழைய அறுவை. திருகாணி போட்டு எலும்புகளை ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். அவர் இடுப்பு உருளவில்லை. தொடையெலும்பு முன்விளிம்பில் முட்டி, கடப்பாரை போட்டு நெம்பியதுபோல உருண்டையைப் பின்னால் தள்ளிவிட்டது. நின்றபடியும் உட்கார்ந்தபடியும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். நான் எடுக்கவில்லை. அது என் தவறு.

ஆகவே என்னிடம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள், சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் உங்கள் முதுகில் என்ன செய்திருக்கிறார்கள், வீட்டில் எப்படி உட்காருகிறீர்கள், இந்தியக் கழிப்பறையா என்பதை நீங்கள் எனக்குச் சொல்லிவிடுங்கள்.

டீச்சருக்கு மறு அறுவையில் உருண்டைக்குள் உருண்டை சுழலும் இரட்டை அசைவு மூட்டு வைத்தோம். நன்றாக நடக்கிறார். அரிவாள்மணையை மருமகள் பரணில் ஏற்றிவிட்டாராம். கத்தியில் நறுக்கினால் பீன்ஸ் பொடிசாக வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் என்னிடம்தான் புகார்.