தாளில்லா மருத்துவப் பதிவேடு: சிறிய கிளினிக்குக்கு என்ன பயன்?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவமனைகளில் தாளைக் கைவிடுவது பற்றிப் பேச்சு வந்தால், மரங்கள் பிழைக்கும், அலமாரி இடம் மிச்சமாகும், அச்சுச் செலவு குறையும் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். இவையெல்லாம் உண்மையே. ஆனால் ஒரு சிறிய கிளினிக்கில் மிச்சமாகும் தாளின் விலை, கணினிக்கும் மென்பொருளுக்கும் ஆகும் செலவை ஈடுகட்டிவிடாது. நோயாளியின் உடலில் ஆண்டுக்கணக்கில் மெல்ல நடந்துவரும் மாற்றத்தை, அவர் எதிரே அமர்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள் மருத்துவர் கண்டுகொள்ள முடிகிறதா என்பதைத்தான் ஒரு பொது மருத்துவர் என்ற முறையில் நான் முதலில் பார்க்கிறேன்.

பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் ஜவுளிக்கடைப் பை ஒன்றில் தங்கள் சீட்டுகளைக் கொண்டுவருவார்கள். அதில் மூன்று ஆய்வகங்களின் அறிக்கைகள், மடித்து மடித்துக் கிழிந்த மருந்துச் சீட்டுகள், ஓர் எக்ஸ்ரே படம், பழைய ஈசிஜி எல்லாம் கலந்து கிடக்கும். ஈசிஜி தாள் சூட்டினால் கோடு பதியும் வகையைச் சேர்ந்தது. பிளாஸ்டிக் உறைக்குள்ளோ வெயில் படும் இடத்திலோ வைத்திருந்தால் கோடுகள் மங்கி, சில ஆண்டுகளில் வெற்றுத் தாளாகிவிடும். நெஞ்சுவலி என்று ஒருவர் வரும்போது, இன்றைய ஈசிஜியில் தெரியும் மாறுபாடு புதிதா, முன்பே இருந்ததா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும் என்பதால், அந்தப் பழைய தாள் அழிந்துபோனது சிறிய இழப்பல்ல.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சிறுநீரகம் தளரும்போது ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு, ஆண்களுக்கு ஏறக்குறைய 0.7 முதல் 1.3 வரை இயல்பானது என்று பல ஆய்வகங்கள் அச்சிடுகின்றன. ஒருவருக்கு முதல் ஆண்டில் 0.8, மறு ஆண்டில் 1.0, அதற்கடுத்த ஆண்டில் 1.2 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். எந்த அறிக்கையிலும் எச்சரிக்கைக் குறி இருக்காது. தனித்தனியாகப் பார்க்கும் மூன்று மருத்துவர்களும் "நார்மல்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதே மூன்று எண்களும் கணினித் திரையில் ஒரு கோடாக மேலேறுவதைக் காணும் மருத்துவர் சற்று நிதானிப்பார். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரையை மூட்டுவலிக்காகக் கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று கேட்பார். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்.

மருந்துச் சீட்டின் கையெழுத்து பற்றி நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் லோசெக் என்ற அமில மருந்தின் பெயர், லாசிக்ஸ் என்ற சிறுநீர் பெருக்கும் மருந்தின் பெயரோடு குழம்பியதால், 1990-இல் அதன் பெயரையே பிரைலோசெக் என்று மாற்ற நேர்ந்தது. நம் நாட்டிலும், மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியில் சேர்த்தது. அச்சிட்ட சீட்டு இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. பென்சிலின் ஒவ்வாமை என்று முன்பே பதிந்திருந்தால், அந்த வகை மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நல்ல மென்பொருள் எச்சரிக்கும். ஆனால் பட்டியலில் ஒரு வரி தள்ளிச் சொடுக்கினால், தவறான மருந்தும் அழகாகவே அச்சாகிவரும் என்பதை மறக்கக் கூடாது.

மாற்றத்தைத் தொடங்குபவர்கள் பழைய கோப்புகள் அத்தனையையும் ஸ்கேன் செய்யப் புறப்படுவார்கள். என் கருத்தில் அது பெரும்பாலும் வீண் உழைப்பு. ஸ்கேன் செய்த தாள் ஒரு படம் மட்டுமே. அதிலுள்ள எண்ணைக் கணினி தானாகக் கோடாக வரைந்துவிடாது. ஒவ்வாமை, செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகள், இப்போது சாப்பிடும் மருந்துகள், அண்மைப் பரிசோதனை அளவுகள் ஆகியவற்றை மட்டும், அந்தந்த நோயாளி வரும்போது தட்டச்சு செய்துகொண்டால் போதும்.

உள்நோயாளிகளின் பதிவேட்டை 3 ஆண்டுகள் காக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. பதிவேடுகளைக் கணினிமயமாக்க முயல வேண்டும் என்றும் அப்போதே சொல்லிவிட்டன. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், விரும்புகிறவர்களுக்கு ஆபா என்ற 14 இலக்க மருத்துவக் கணக்கு எண்ணைத் தருகிறது. ஓரிடத்தில் உருவான பதிவை, நோயாளி சம்மதித்தால் இன்னொரு மருத்துவர் பார்க்க அது வழிசெய்கிறது.

இவ்வளவையும் கணினியில் ஒப்படைத்த பிறகு, அது முடங்கினால் என்ன செய்வது? 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலுக்கு உள்ளாயின. பல நாட்கள் நோயாளிகளின் பதிவைக் கையால் எழுதியே வேலையை நடத்த வேண்டியிருந்தது. பெரிய நிறுவனத்துக்கே இது நேர்ந்தது என்றால், வரவேற்பு மேசையில் ஒரே கணினியை வைத்திருக்கும் கிளினிக் என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இணையத்தோடு தொடர்பில்லாத ஒரு நகல் வேண்டும். அந்த நகலிலிருந்து பதிவுகளை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைக்கும் வழக்கத்தை அன்றே நிறுத்துவது நல்லது.

மருத்துவர் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்க்கிறார் என்ற குறை நியாயமானது. எடையையும் ரத்த அழுத்தத்தையும் செவிலியரே முன்னதாகப் பதிந்துவிட்டு, நோயாளிக்கும் தெரியும்படி திரையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால், அந்தக் குறை ஓரளவு தீரும்; தம் சர்க்கரை அளவின் கோட்டைத் தாமே பார்த்தவர்கள் அது பற்றி அதிகமாகக் கேள்வி கேட்கிறார்கள்.

ஒரு தாளை மட்டும் நான் கைவிடச் சொல்ல மாட்டேன். ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர் கையில், எந்த மாத்திரை, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்ட சீட்டு ஒன்று வீட்டுக்குப் போகத்தான் வேண்டும்.

நன்றி, வணக்கம்.