ஒரு மைனஸ் குறி போட மூன்று நாள் ஆனது

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற சத்தம் மோட்டார் இல்லை, கச்சான் காற்று. கொட்டகைத் தகரம் காலையிலிருந்து படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது, மைக்கில் பஞ்சு சுற்றியும் பயனில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தை வெட்டுகிற நம்ம சிஎன்சி மெஷின் இன்றைக்குச் சதுரத்தைச் சதுரமாக வெட்டிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் சாப்பிடக்கூட இல்லை.

போன வீடியோ பார்த்தவர்களுக்கு என் புலம்பல் நினைவிருக்கும். 400-க்கு 400 மில்லி சதுரம் வெட்டினால் ஒரு மூலைவிட்டம் 564.7, இன்னொன்று 566.7. இரண்டும் 565.7 வர வேண்டும். இரண்டு மில்லிதானே என்று மாமா கேட்டார். படகின் பெயர்ப் பலகைக்கு அது போதும்தான், எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதுவரை மெஷினை ஓட்டிய மென்பொருள் ஜிஆர்பிஎல், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 32 கேபி நினைவகம் இருக்கிற ஒரு சின்ன ஆர்டுயினோ ஊனோ போர்டை வைத்துக்கொண்டு மோட்டாரை நகர்த்தும் பல்ஸை நொடிக்கு 30,000 வரை தள்ளுகிறது, எழுதியவர்கள் கைக்குத் தங்கக் காப்பே போடலாம். ஆனால் நம்ம மெஷினில் ஒய் பக்கம் இரண்டு மோட்டார், இரண்டுக்கும் ஒரே சிக்னலைப் பிரித்துத்தான் கொடுத்திருந்தேன். இடது பக்கம் தன் சுவிட்சையும் வலது பக்கம் தன் சுவிட்சையும் தனித்தனியாகத் தொட்டு நின்றால்தான் வெட்டும் தலையைத் தாங்கி நகர்கிற பாலம் கோணாமல் நிற்கும். 1.1எச் பதிப்பில் கன்ஃபிக் ஃபைலைத் திருத்தி கம்பைல் செய்தால் அதிலேயே முடியும், தெரியும், கீழே வந்து திட்ட வேண்டாம். அதற்குச் சில பின்களை இழக்க வேண்டும், எனக்கு மனசில்லை.

அதனால்தான் லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளுக்கு மாறினேன். அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனத்தில் இஎம்சி என்ற பெயரில் பிறந்தது, 2011-இல்தான் இந்தப் பெயர் வந்தது. காசு கிடையாது, க்ராக் தேட வேண்டாம். க்ராக் போட்ட கன்ட்ரோல் மென்பொருளை வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கும் வெட்டும் பிட்டுக்குப் பக்கத்தில் கையை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

சரி, கம்ப்யூட்டர். ஆபீஸில் ஓரம் கட்டிய பழைய டெஸ்க்டாப், பின்னால் பழைய பிரின்டர் மாட்டுகிற பேரலல் போர்ட் இருக்கிறது என்பதற்காகவே வாங்கினேன். கம்ப்யூட்டர் சிக்னலை மோட்டார் டிரைவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பிரேக்அவுட் போர்டு ஏற்கனவே இருந்தது. இரண்டையும் இணைக்க ஒரு கேபிள், அவ்வளவுதான் பாக்கி. இந்த இடத்தில்தான் எனக்குச் சனி பிடித்தது. மண்டபத்தில் கிடைக்கவில்லை, பஸ் ஏறி ராமநாதபுரம் போனேன். கடைக்காரர் "தம்பி, இதையெல்லாம் இப்ப யாரு வாங்குறா" என்று அட்டத்திலிருந்து தூசி தட்டி எடுத்து, 450 ரூபாய் என்றார். பிரின்டர் கேபிள் என்று கவரில் போட்டிருந்தது, நானும் தலையாட்டி வாங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒரு முனையில் 25 பின், மறுமுனையில் இரண்டு பக்கமும் கம்பிக் கிளிப் வைத்த அந்த அகலமான 36 பின் தலை. அது பிரின்டருக்குள் போகிற முனை. என் போர்டுக்கு இரண்டு பக்கமும் 25 பின் வேண்டும். மறுநாள் மறுபடி பஸ். கவர் கிழிந்துவிட்டது, மாற்ற முடியாது என்றார். நானூற்று ஐம்பது ரூபாய் மக்களே!

வெயிலில் திரும்பி நடக்கும்போது ஒரு பழைய இரும்புக் கடை. சும்மா தலையை நீட்டினேன். மூலையில் வயர் குவியல், அதற்குள் இரண்டு முனையும் ஆண் தலையாக ஒரு சாம்பல் நிறக் கேபிள். எடை போட்டுத் தருகிறேன் என்றார், நாற்பது ரூபாய்க்கு முடிந்தது. மல்டிமீட்டரை வைத்து 25 பின்னையும் ஒன்றொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், ஒன்று ஒன்றுக்கு, இரண்டு இரண்டுக்கு என்று நேராகப் போகிறது. இருபத்தைந்தாவது பீப் கேட்டதும் நான் போட்ட கூச்சலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

அப்புறம் லேட்டன்சி டெஸ்ட். பேரலல் போர்ட்டில் பல்ஸ் போடுவது கம்ப்யூட்டரேதான், அது எவ்வளவு நேரம் தாமதிக்கிறதோ அவ்வளவு மோட்டார் தடுமாறும். சும்மா ஓட விட்டால் எண் அழகாக இருந்தது. ஒரு வீடியோவைப் போட்டு, நாலு ஜன்னலை இழுத்து ஆட்டினேன், பல்ஸ் போடுகிற பேஸ் த்ரெட்டில் 1,48,000 நானோ நொடி! 20,000-க்குள் இருந்தால் அருமை, ஒரு லட்சம் தாண்டினால் மென்பொருளில் பல்ஸ் போடுவதையே மறந்துவிட வேண்டியதுதான். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயாஸில் போய் மின்சேமிப்பு அம்சங்களை, அந்த சி-ஸ்டேட், ஸ்பீட்ஸ்டெப் எல்லாவற்றையும், அணைத்தேன். 31,000-க்கு இறங்கியது. பாஸ் மார்க், போதும்.

ஐயோ, ஒன்று விட்டுவிட்டேன், இதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அதே பயாஸில் பேரலல் போர்ட்டை இபிபி முறைக்கு மாற்றினேன். அப்புறம் ப்ராசஸரின் ஒரு கோர் மட்டும் இதற்கென்று ஒதுங்க, லினக்ஸ் தொடங்கும் கெர்னல் வரியில் ஐசோல்சிபியுஸ் சேர்த்தேன். அந்த 31,000 இதையெல்லாம் சேர்த்துத்தான்.

இப்போது மைனஸ். எந்த மோட்டார் எந்த அச்சுக்கு என்று சொல்கிற கைனமாடிக்ஸ் வரியில் எக்ஸ்ஒய்ஒய்இசட் என்று கொடுத்தாயிற்று, இரண்டு ஒய் ஜாயின்ட்டுக்கும், அதாவது இரண்டு மோட்டாருக்கும், ஹோம் ஆகும் வரிசையைச் சொல்கிற ஹோம் சீக்வென்ஸ் 1 என்று போட்டேன். ஹோம் செய்யாமலே, அதாவது சுவிட்சைத் தொட்டுத் தொடக்க இடத்தைப் பிடிக்காமலே, மெஷினைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்று, நாமே நகர்த்துகிற ஜாக் பட்டனை அழுத்தினேன். இடது பக்கம் மட்டும் நகர்ந்தது. வலது பக்கம் அசையவே இல்லை. பாலம் கோணிக்கொண்டு க்ரீச் என்று ஒரு சத்தம், மோட்டாரைத் திருகோடு இணைக்கிற வலது கப்ளிங்கில் முடி அளவுக்கு ஒரு விரிசல். ஹோம் ஆகும் முன்னால் அங்கே அச்சுகள் கிடையாது, ஜாயின்ட்டுகள்தான், ஒவ்வொன்றும் தனி ஆள். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒரு நாள் முழுக்க வயரிங்கைச் சந்தேகப்பட்டேன், டிரைவரை மாற்றி மாட்டினேன், பாவம் அந்த நாற்பது ரூபாய் கேபிளைக்கூடத் திட்டினேன்.

கடைசியில் கையேட்டைப் பொறுமையாகப் படித்தால் அங்கேயே இருக்கிறது. 1 என்பதை மைனஸ் 1 ஆக்கினால், இரண்டும் தன் தன் சுவிட்சைத் தொட்டுவிட்டு ஒன்றுக்கொன்று காத்திருந்து, கடைசி நகர்வைச் சேர்ந்தே செய்யும். ஹோம் ஆகும் முன் ஜாயின்ட்டைத் தனியாக நகர்த்தவும் விடாது. போட்டேன். இடது சுவிட்ச் டக், அரை நொடி கழித்து வலது டக், இரண்டும் சேர்ந்து நிதானமாகப் பின்வாங்கி நின்றன. இதை மட்டும் பதினோரு தடவை ஓட விட்டுப் பார்த்தேன், எடிட்டிங்கில் மூன்றாகக் குறைத்திருக்கிறேன். சுவிட்ச் இருக்கிற இடம் துல்லியமில்லையே என்பதற்கு ஹோம் ஆஃப்செட் என்ற திருத்த எண். ஒரு பக்கத்தில் இரண்டரை மில்லி மாற்றினேன், மூலைவிட்டம் இரண்டும் 565.7.

உடனே மாமாவின் விசைப்படகுக்குப் பலகை. வேப்பம் பலகை, 60 டிகிரி கூர்முனை வி-பிட், எழுத்து "மாதா துணை". மாவும் தாவும் துவும் வெண்ணெய் மாதிரி போயின. ணை-யில்தான் உயிர் போனது. அந்தச் சுழிக்குள்ளே சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு மரத் தீவு நிற்க வேண்டும். போன முறை அது தெறித்து என் கண்ணாடியில் பட்டது. இந்த முறை வேகத்தைப் பாதியாக்கி, ஒரே வெட்டாக இறக்காமல் மூன்று தடவையாக இறக்கினேன். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், தீவு நிற்கிறது பாருங்கள், ஓரத்தில் நார்கூடப் பிய்யவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைதான். படகுக்கு இரண்டு பக்கமும் பலகை வேண்டும், இன்னொன்று அப்படியே இருக்கிறது. விரிசல் விட்ட கப்ளிங்கிலேயே வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதை மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள். புதுசு வர நாலு நாள் ஆகுமாம். அதுவரை இந்தக் காற்றில் மெஷினை நகர்த்துகிற பால்ஸ்க்ரூ திருகு துருப்பிடிக்காமல் எண்ணெய் போட வேண்டும், நேற்றுப் போட்டதே மணலோடு சேர்ந்து களிம்பாகிக் கிடக்கிறது. போய்த் துடைக்கிறேன்.