சிந்திய இலக்கங்களைப் பிடிப்பது எப்படி?

வணக்கம் நேயர்களே. மாண்டல்பல்ப் என்று இணையத்தில் தேடினால் காலிஃபிளவரும் பவளப்பாறையும் கலந்தாற்போல ஓர் உருவம் வரும். 2009-இல் டேனியல் வைட்டும் பால் நைலாண்டரும் உருவாக்கிய முப்பரிமாண ஃபிராக்டல் அது; அதாவது, ஒரே சூத்திரத்தைத் திரும்பத் திரும்பச் சுழற்றி வரையும் உருவம். எவ்வளவு கிட்டே போனாலும் புதுப்புது முண்டும் முடிச்சும் தெரிய வேண்டும். ஆனால் கிராபிக்ஸ் கார்டில் ஓட்டினால், ஓர் ஆழத்துக்கு மேல் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது.

கார்டு விரைவாகக் கணக்குப் போடுவது ஏழு இலக்கத் துல்லியத்தில்தான்; இதற்கு ஒற்றைத் துல்லியம் என்று பெயர். ஒன்றோடு பத்துக் கோடியில் ஒரு பங்கைக் கூட்டச் சொன்னால், விடை ஒன்று என்றே சொல்லும். பதினைந்து, பதினாறு இலக்கம் தரும் இரட்டைத் துல்லியமும் அதில் உண்டு. ஆனால் ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டுகளில் அதன் வேகம் ஒற்றையின் 64-இல் ஒரு பங்கு. முழு எச்டி படத்தில் 20 லட்சம் பிக்சல், பிக்சலுக்கு ஒரு பார்வைக் கதிர். கதிர், உருவத்தின் பரப்பு எவ்வளவு தூரம் என்று மதிப்பிட்டு மதிப்பிட்டு நூறு முறை நகர்ந்து, ஒவ்வொரு முறையும் சூத்திரம் பத்துத் தடவை சுழன்றால் 200 கோடிச் சுற்று! ஆமை நடை இதற்குச் சரிப்படாது.

ஒற்றைத் துல்லியத்தில் சிந்தும் இலக்கங்களை மீட்க, 1971-இல் டச்சுக் கணிதர் டெக்கர் ஒரு வழி எழுதினார். கூட்டுத்தொகையிலிருந்து பெரிய எண்ணைக் கழியுங்கள். வந்ததைச் சிறிய எண்ணிலிருந்து கழியுங்கள். நம் கணக்கில் ஒன்று கழித்தல் ஒன்று, பூஜ்யம். ஆக, சிந்திப்போன சிறிய எண் முழுசாகக் கைக்கு வந்துவிடுகிறது. அதையும் இரண்டாவது எண்ணாகக் கூடவே வைத்துக்கொண்டால் 14 இலக்கம் கிடைக்கும். ஒரு கூட்டலுக்கு இருபது செயல் வரை ஆகலாம். 64 மடங்கு மந்தத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

இங்கே கம்பைலர், அதாவது நாம் எழுதும் நிரலைக் கார்டுக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள், தன் புத்திசாலித்தனத்தைக் காட்டும். கூட்டியதையே கழித்தால் மிச்சம் பூஜ்யம்தானே என்று அந்த வரியையே தூக்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, படம் மட்டும் கட்டமாகவே இருக்கும். கார்டுக்கு நிரல் எழுதும் ஜிஎல்எஸ்எல் மொழியில் அந்த மாறிகளுக்கு முன்னால் ‘பிரிசைஸ்’ (precise) என்று போட வேண்டும். அதேபோன்ற ஓப்பன்சிஎல்லில் ‘ஃபாஸ்ட் மேத்’ விருப்பத்தை அணைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இப்படி இரட்டிக்கத் தேவையில்லை. புள்ளியின் இடமும் சூத்திரச் சுழற்சியும் மட்டும் இந்த இரண்டு எண் முறையில் ஓடட்டும். தூர மதிப்பீட்டுக்கான வகைக்கெழு, நிறம், நிழல் எல்லாம் ஒற்றையிலேயே நன்றாக வரும்.

அப்புறம், மாண்டல்பல்ப் சூத்திரத்தில் சைனும் கொசைனும் வரும்; கார்டு தருபவை இந்த ஆழத்துக்கு உதவா. அதன் வழக்கமான எட்டாம் அடுக்குச் சூத்திரத்தைப் பெருக்கல், கூட்டல், ஒரு வர்க்கமூலம் என்று விரித்து எழுதிவிடலாம். நீளமான வரிகள்தான். வர்க்கமூலத்தை ஒற்றையில் கண்டு, தோராய விடையைச் செம்மைப்படுத்தும் நியூட்டன் முறையில் ஒரே ஒரு திருத்தம் செய்தால் அதுவும் 14 இலக்கத்தை எட்டிவிடும்.