வால்டர் ஓங்கும் நாஞ்சில் நாட்டு வில்லும்

(காட்சி: கோயில் கொடை நடைபெறும் முற்றம். வில்லின் நாணில் வீசுகோல் விழும் ஒலி.)

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். புலவர் ஒரு வரியைச் சொன்னதும் பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' என்று ஏற்கிறார். சொன்னதே வேறு சொல்லில் திரும்ப வருகிறது. சாமி வரும் நேரத்துக்கு ஏற்பக் கதை நீள்கிறது, சுருங்குகிறது. வாய்மொழி ஏன் இவ்வாறு இயங்குகிறது என்ற கேள்வியைத் தம் ஆய்வின் மையமாக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் வால்டர் ஓங்.

1912இல் பிறந்த ஓங், இயேசு சபைத் துறவி. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய முதுகலை ஆய்வை வழிநடத்தியவர் ஊடகச் சிந்தனையாளர் மார்ஷல் மெக்லூகன். பின்னாளில் ஓங் ஆசிரியப் பணி ஆற்றியதும் அங்கேயே.

(காட்சி: பழைய அச்சு நூலில் கிளை பிரியும் வரைபடம்.)

ஹார்வர்டில் 1955இல் அவர் பெற்ற முனைவர் பட்டத்தின் பொருள், 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் ராமஸ். பேசி இணங்க வைக்கும் கலையான மேலைநாட்டுச் சொற்கலை, பேச்சாளருக்கு ஐந்து பயிற்சிகளை வகுத்திருந்தது: பொருள் தேடுதல், வரிசைப்படுத்துதல், நடை அமைத்தல், நினைவில் இருத்துதல், அவையில் நிகழ்த்துதல். ராமஸ் முதலிரண்டையும் தருக்கத்திடம் ஒப்படைத்தார். நடையும் நிகழ்த்துதலும் மட்டுமே சொற்கலைக்கு மிஞ்ச, நினைவுப் பயிற்சி தனியிடத்தை இழந்தது. அச்சு பரவிய அக்காலத்தில், உரையாடலில் கேட்டுப் பெற்ற அறிவு தாளில் பார்த்துப் பெறும் வரைபடமாக மாறியதை, 1958இல் வெளியான நூலில் ஓங் விளக்கினார். பழைய பாடநூல்களைப் புரட்டியவருக்கு ஊடகத்தின் வரலாறே அங்கு கிடைத்தது என்பதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது.

வானொலி, தொலைபேசி, தொலைக்காட்சி ஆகியவற்றின் பேச்சை அவர் 'இரண்டாம் வாய்மொழி' என்றார். ஒலியாக வந்தாலும் அது எழுத்தையும் அச்சையும் அடித்தளமாகக் கொண்டது என்பது அவர் கருத்து. 1982இல் வெளிவந்த அவருடைய நூல் இக்கருத்தைப் பரவலாக்கியது. ஓங் 2003இல் மறைந்தார். எண்ம ஊடகத்தின் சொற்கலையை ஆராய்வோர், ராமஸ் ஒதுக்கிய நினைவை மீண்டும் கையில் எடுத்திருக்கிறார்கள்.

ஆயினும் வாய்மொழிக்கும் எழுத்துக்கும் இடையே ஓங் இட்ட கோடு நம் மண்ணுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. வில்லில் பாடும் கதைகள் பல, ஓலை ஏடுகளிலும் எழுதிக் காக்கப்பட்டவை. ஏடும் குரலும் இங்கு ஒன்றையொன்று விலக்கவில்லை.

(காட்சி: கைப்பேசியில் ஓடும் கொடைப் பதிவு.)

இன்று யூடியூபில் ஏறிய பதிவிலும் 'ஆமாம்' கேட்கிறது. ஆனால் அந்த இரவில் புலவர் ஓரிடத்தில் மட்டும் ஏன் அவ்வளவு நேரம் நின்று பாடினார் என்பது, முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரியும்.